கண்ணிக்கு வைத்த பெயர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அலுவலகத்தில் பொய் எழுதச் சொன்னார்கள். பதினோரு வருடமாக ஒரு இணையதளத்தில் குழந்தைப் பெயர்களுக்கு விளக்கம் எழுதுகிறேன். பொருள், பிறப்பிடம், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று பெயருக்கு மூன்று வரி. ஆறாயிரம் பெயர் தாண்டிவிட்டது. அத்தனையும் உண்மையா என்று யாரும் கேட்டதில்லை, நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில்லை. ஆனால் வேண்டுமென்றே பொய் எழுதச் சொன்னது இதுதான் முதல் முறை.

எல்லாம் எதிர்க்கடையால் வந்தது. எங்கள் தளத்தில் காலையில் ஏற்றும் பெயர் மாலையில் அவர்கள் தளத்தில் இருக்கிறது, எங்கள் எழுத்துப் பிழையோடு சேர்த்து. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஆளுக்கு மூணு பேரு எழுதுங்க. உலகத்துலயே இல்லாத பேரா இருக்கணும். அதையும் எடுத்துப் போட்டான்னா கையும் களவுமா மாட்டுவான்." இந்த வகைக்குக் கண்ணிப் பெயர் என்று அவரே ஒரு பெயரும் வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் எதையும் பெயர் வைக்காமல் விட மாட்டோம்.

வீட்டுக்கு வந்து என் அறையில் உட்கார்ந்தேன். இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவதாக, நாக்கு போன போக்கில் 'நுவிலா' என்று ஒன்று வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொருள் என்ன வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். தட்டவில்லை. என்றைக்குத் தட்டினாள்? கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். உலகத்தில் எல்லாரும் நேற்றுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள், பிரேக் மட்டும் தன் காலடியில் இருக்கிறது என்று நினைப்பு. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் என் அறை அவள் ஆட்சிக்குட்பட்டதுதான். கொஞ்ச நேரம் நின்றாள். "வேலையா?" என்றாள். "ம்" என்றேன். என் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

போனதும் எழுதினேன். நுவிலா. பொருள்: அழைக்காமலே உரிமையோடு உள்ளே வருபவள். பிறப்பிடம்: பழந்தமிழ். பரவல்: மிக மிக அரிது.

கடைசி வரி மட்டும் சத்தியமான உண்மை.

மார்ச் 5, வியாழன்

இல்லாத பெயருக்கும் வரைபடம் வேண்டுமாம். எந்தெந்த வருடம் எத்தனை குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்று கோடு போடும் பெண்ணை நாங்கள் 'வரைபடம்' என்றே கூப்பிடுகிறோம். நுவிலாவுக்கும் கோடு போட்டுத் தந்தார். நடுவில் ஒரு மேடு. "எதுக்குங்க இது?" என்றேன். "ஒரேயடியா படுத்துக் கிடந்தா சந்தேகம் வரும். கொஞ்சம் ஏறி இறங்கினாத்தான் நம்புவாங்க." இவருக்கு இருக்கிற திறமைக்கு இங்கே உட்கார்ந்திருப்பது பாவம்.

மார்ச் 12, வியாழன்

அக்காவுக்கு ஐந்தாம் மாதமாம். அம்மா சொன்னாள், அதுவும் காய் நறுக்கிக்கொண்டே, பால்காரர் நாளைக்கு வரமாட்டார் என்பது போல. "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றால், "என்கிட்டயே நேத்துதான் சொன்னா" என்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா மூன்றாம் மாதமே எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். பெயரும் தேர்ந்தெடுத்துவிட்டாள். பெயரைத் தேடித் தந்தது நான்தான். அது தங்கவில்லை. அந்தப் பெயர் எங்கள் தளத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திறப்பதில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

மே 21, வியாழன்

மாட்டிக்கொண்டான்! பன்னிரண்டு கண்ணியில் ஒன்பது எதிர்க்கடையில் ஏறியிருக்கிறது. அதில் என் நுவிலா முதல் இடம் — 'இம்மாத அரிய பெயர்' என்று முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள், பூப்படத்தோடு. திருடியதோடு நிற்காமல், பழங்கால அரசி ஒருத்தியின் பெயர் என்று கூடுதலாக அளந்தும் விட்டிருக்கிறான். பொய் சொல்வதில் நம்மை மிஞ்சுகிறானே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

முதலாளி காத்திருக்கச் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 20 எங்கள் தளத்தின் பிறந்தநாள். அன்றைக்கு முகப்பில் அறிவிப்பு: இவையெல்லாம் நாங்கள் கையால் செய்த பொய்ப் பெயர்கள், வரிக்கு வரி திருடியவர்கள் இவர்கள். அதுவரை ஒருவரும் மூச்சு விடக்கூடாது.

ஜூலை 9, வியாழன்

அக்கா வீட்டில் பெயர்ப் பேச்சு எடுக்கத் தடை. அம்மா வாயைத் திறந்து ஏதோ சொல்லப்போனாள், அக்கா பார்த்த பார்வையில் பாதியிலேயே தும்மலாக மாற்றிவிட்டாள். அத்தான் லிப்ட் பழுது பார்ப்பவர். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசி நிதானம் வந்தவர். "பொறந்து, கையில வாங்கி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சரிதான். ஆறாயிரம் பெயர் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பெண். இரண்டே முக்கால் கிலோ. அக்கா நலம். அத்தான் அழுதார். நான் அழவில்லை. (அழுதேன்.)

ஆகஸ்ட் 6, வியாழன்

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "பேரு முடிவு பண்ணிட்டேன். உன் சைட்டுல பாக்கல, தெரிஞ்சுக்கோ. அதுல பாத்தா நீ உடனே விளக்கம் குடுக்க ஆரம்பிச்சிருவ." சொல்லிவிட்டு போனை நீட்டினாள். பூப்படம். எதிர்க்கடை.

நுவிலா.

"எப்படி இருக்கு? அர்த்தத்தப் படியேன். படி. சத்தமாப் படி."

படித்தேன். நான் எழுதியதை நானே, அக்காவுக்கு, சத்தமாக. அரசி வரை வந்தபோது குரல் கம்மிவிட்டது. அக்கா அதை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள். "பாத்தியா, உனக்கே தொண்டை அடைக்குது!"

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இன்னும் பதின்மூன்று நாள். அறிவிப்பின் வரைவு வந்துவிட்டது. முதல் உதாரணமே அதுதான். 'நுவிலா என்று ஒரு பெயர் உலகத்திலேயே கிடையாது. மதிய டீக்கும் மாலை டீக்கும் நடுவில் எங்கள் ஆசிரியர் ஒருவர் உருட்டிய பொய் அது.' இந்த வரியை எழுதியதும் நான்தான், மே மாதம். அப்போது எல்லாரும் கைதட்டினார்கள். உருட்டியது வீட்டில்; டீ நேரக் கதை சுவைக்காகச் சேர்த்தது.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது தேடிப் பார்த்தால்? அந்தக் குழந்தை பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒருத்தன் சிரிப்பான். போனதடவை ஒரு பெயரைத் தூக்கிப் போட்டவள் அக்கா, இப்போது இதையும் போட வேண்டுமா? என்னால எப்படி சொல்ல முடியும்? சொல்லாம மட்டும் எப்படி இருக்க முடியும்?

ஆகஸ்ட் 10, திங்கள்

முதலாளியிடம் அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துவிடலாமா என்றேன். "அதான்யா தலை. தலையை எடுத்துட்டு வாலை வச்சு என்ன பண்றது?" என்றார். தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு வைக்கப்போகிறார்கள் என்றேன். "அடப்பாவமே. சீக்கிரம் சொல்லித் தடுங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

சுற்றி வளைத்துத் தடுத்துப் பார்த்தேன். கூப்பிட வராது என்றேன். வருகிறது என்று பத்து தடவை கூப்பிட்டுக் காட்டினாள். கூட்டத்தில் கூப்பிட்டால் யாருக்கும் புரியாது என்றேன். "இவளுக்குப் புரிஞ்சா போதும்." அம்மாவைத் துணைக்கு இழுத்தேன். அம்மா சொல்லிப் பார்த்து, "நாக்கு எங்கெங்கயோ போயிட்டு வருது. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று கட்சி மாறிவிட்டாள்.

அக்கா என்னையே உற்றுப் பார்த்தாள். "ரிவர்ஸ்ல கண்ணாடி பாக்காம வர்றவன் மாதிரி முழிக்கிற. என்னடா பிரச்சினை உனக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். பொறாமையா, உன் தளத்தில் இல்லையென்று கடுப்பா என்று வேறு கேட்கிறாள். எங்கள் தளத்தில் இல்லாமலா? அது பிறந்ததே அங்கேதான். நேரம்டா சாமி.

ஆகஸ்ட் 13, வியாழன்

வரைபடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்க சொன்னா உங்க மேல மட்டும்தான் கோவம் வரும். இருபதாம் தேதி தானாத் தெரிஞ்சா, நீங்களும் சேந்து சிரிச்சீங்கன்னு ஆயிரும்" என்றார். பத்தொன்பதாம் தேதி பெயர் பதிவுக்கு அத்தான் டோக்கன் வாங்கிவிட்டார். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அத்தான் வேலைக்குப் போயிருந்தார், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணி, எதிர்க்கடை, நான்தான் எழுதினேன், இருபதாம் தேதி எல்லாருக்கும் தெரிந்துவிடும் — ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவள் சிரித்தாள். "கதை விடாதே" என்றாள். வாழ்நாள் முழுக்க அவளைச் சீண்டிக்கொண்டே இருந்ததற்கு நல்ல கூலி. மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். தேதியும் என் முதலெழுத்தும் இருந்தன.

சிரிப்பு நின்றுவிட்டது. "மார்ச் மூணா?" என்றாள்.

"ஆமா. நீ சார்ஜர் எடுக்க வந்தியே, அன்னைக்குத்தான். தட்டாம வந்தியேன்னு கடுப்புல உன்ன வச்சே அர்த்தம் எழுதிட்டேன்."

"நான் சார்ஜருக்கு வரல."

கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அன்னைக்கு ஸ்கேன். எல்லாம் நல்லா இருக்குன்னாங்க. அம்மாவுக்கும் முன்னாடி உன்கிட்டதான் சொல்லணும்னு வந்தேன். நீ தலையத் தூக்கல. எனக்கும் பயம், போனதடவ சொல்லிச் சொல்லித்தானே... வாய் வரல. ஏதாவது எடுத்துட்டுப் போகணுமேன்னு அத எடுத்துட்டு வந்தேன்."

மடிக்கணினியை மூடினேன்.

"நாங்க இவளக் கூப்பிடலடா. போதும்னு விட்டுட்டோம். இவளா வந்தா. அந்த அர்த்தத்தப் படிச்சப்ப யாரோ எங்க வீட்டுக்குள்ள பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு. ரெண்டு மாசமா வயித்தத் தடவிக்கிட்டு அந்தப் பேரச் சொல்லித்தான் பேசினேன். அவருக்குக்கூடத் தெரியாது. கடைசில அது உன் நக்கலா?"

"அக்கா..."

"போடா. எந்திரிச்சு வெளிய போ."

போனேன். செருப்பு மாட்ட மறந்து பாதித் தெரு வந்து, திரும்பிப் போக தைரியமில்லாமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுகையா வருது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அம்மா சொல்கிறாள், அக்கா என் மேல் கோபமாக இருக்கிறாளாம். நல்லவேளை சொன்னாள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

அலுவலகம் போகும் வழியில் ஒன்று தோன்றியது. பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அது இல்லாத பெயர் இல்லையே? நேராக முதலாளியிடம் போனேன். "சார், உலகத்துலயே இல்லைன்னு நாம சொல்றோம். எதிர்க்கடைக்காரன் ஒரு பிறப்புச் சான்றிதழத் தூக்கிக் காட்டினா? பொய் சொன்னது நாமன்னு ஆயிரும்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். அவர் முகத்தில் பயத்தைப் பார்த்து நான் மகிழ்ந்தது இதுதான் முதல் முறை.

"அப்படி ஒரு சான்றிதழ் இருந்தாக் கொண்டாங்க, எடுத்துடறேன். இல்லாட்டி இருபதாம் தேதி காலைல போயிரும்" என்றார்.

சந்தோஷம் மாடிப்படி இறங்குவதற்குள் தீர்ந்துவிட்டது. அக்கா அந்தப் பெயரைப் பதிவு செய்தால்தானே? பதிவு செய் என்று நான் எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது? அத்தானுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "நான் இத அவகிட்ட சொல்லல. நீயும் சொல்லாதே. ஊர் சிரிக்கக் கூடாதுன்னு அந்தப் பேர வைக்கவும் வேணாம், சிரிக்கும்னு விடவும் வேணாம். அவளுக்கு என்ன தோணுதோ அது" என்றார்.

சரி என்றேன். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரிதான்.

ஆகஸ்ட் 19, புதன்

காலை பத்து மணி டோக்கன். பத்திலிருந்து ஒரு பெயருக்கும் அர்த்தம் ஒழுங்காக எழுதவில்லை. 'ஒளி பொருந்தியவன்' என்பதை 'ஓலை பொருந்தியவன்' என்று ஏற்றிவிட்டேன். எதிர்க்கடையில் அதுவும் ஏறிவிட்டது. பன்னிரண்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கு ஒன்றுமில்லை. வரைபடம் எனக்குத் தெரியாமல் என் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

நாலு மணி தாண்டி அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. வார்த்தை ஒன்றுமில்லை. சான்றிதழ். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் நுவிலா.

அப்புறம்தான் அத்தான் பேசினார். ஜன்னல் முன்னால் நின்று எழுதும்போது எழுத்தர், என்ன பெயர் இது, கேள்விப்பட்டதே இல்லையே என்றாராம். அக்கா, "நாளைக்குக் கேள்விப்படுவீங்க, ஊரே சிரிக்கும். நீங்க எழுதுங்க" என்றாளாம். நாளைக்கு அறிவிப்பு வரும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறாள்.

முதலாளியிடம் காட்டினேன். பெற்றோர் விவரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க அக்காவா? அன்னைக்கே சொன்னா என்ன?" நானே அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். என் கண்முன்னாலேயே அந்த வரியை அழித்தார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

அறிவிப்பு வந்தது. எட்டுப் பெயர்கள். எதிர்க்கடை மதியத்துக்குள் பாதித் தளத்தை மூடிவிட்டது. அலுவலகமே கொண்டாட்டம். நான் நுவிலா பக்கத்தைத் திறந்து 'பழந்தமிழ்' என்பதை அழித்தேன். அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டேன். வரைபடம் தன் மேட்டைத் தரைமட்டமாக்கிவிட்டு, கோட்டின் கடைசியில் ஒரே ஒரு புள்ளி வைத்தார்.

அக்கா இன்னும் பேசவில்லை.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

அக்காவிடமிருந்து செய்தி: "டயப்பர். சைஸ் 1." பதினாறு நாளில் முதல் சொல். மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிப் போனேன். கதவைத் திறந்தது அத்தான். "இன்னைக்கு இவ்வளவுதான் போலிருக்கு" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். என் செருப்பையும் கொடுத்தனுப்பினார்.

செப்டம்பர் 16, புதன்

குழந்தைக்குத் தடுப்பூசி. அத்தானுக்கு எங்கோ லிப்ட் நின்றுவிட்டதால் துணைக்கு நான். ஆட்டோவில் அக்கா பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம்; ஒன்று என்னிடம், ஒன்று டிரைவரிடம். கியர் மாற்றுவது பற்றி. டிரைவருக்குச் சொன்னது நீளம்.

மருத்துவமனையில் நாற்பது பேர். நர்ஸ் அட்டைகளைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே பெயருக்கு மூன்று அம்மாக்கள் குழந்தையோடு எழுந்துவந்து முட்டிக்கொண்டார்கள். நான் எழுதிய அர்த்தத்தை நம்பி வைத்தவர்களாகக்கூட இருக்கலாம். எங்கள் முறை வந்தது. நர்ஸ் அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, தப்பில்லாமல் கூப்பிட்டார். அதை ஒரு அந்நியர் வாயில் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. அத்தனை பேருக்கு நடுவில் அக்கா மட்டும் எழுந்தாள்.

ஊசி போட்டாயிற்று. வீறிட்டு அழுத குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள் அக்கா.

"நல்லா இருக்கே பேரு. இந்தப் பேருல இதுவரைக்கும் ஒருத்தரும் இங்க வந்ததில்ல. எதுலம்மா பாத்தீங்க?" என்றார் நர்ஸ்.

நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படிக்க ஆரம்பித்தேன்.

"எதுலயும் பாக்கல, சிஸ்டர்" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை. தலையை மட்டும் என் பக்கமாக அசைத்தாள். "இதோ நிக்கிறானே, இவ மாமன். இவ வயித்துல இருந்தப்பவே, இவளுக்குன்னே உக்காந்து எழுதினான்."

ஆறாயிரம் பெயருக்கு அர்த்தம் எழுதியவன், அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி தப்பினாலும் திருத்துபவன். அக்கா சொன்னதை நான் திருத்தவில்லை.